கார் வராத வழி என்றால் சுலபமான வழி இல்லை: ஏரி மாவட்டத்தில் மூன்று சைக்கிள் பயணங்கள்

நான் வளர்ந்தது திருவையாற்றுப் பக்கம். அங்கே சைக்கிளில் ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் ஏறி இறங்கினால் தஞ்சாவூர் வந்துவிடும். சீட்டை விட்டு எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் எந்தப் பாலமும் முடிந்துவிடும். அந்த நினைப்பிலேயே, மான்செஸ்டரில் பல வருடம் குப்பை கொட்டிய பிறகு, நாற்பத்து மூன்று வயதில், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு சைக்கிளோடு கிளம்பினேன். மூன்று தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவை சொதப்பல், இரண்டாவது பாதி சொதப்பல், மூன்றாவதுதான் பயணம் என்று சொல்லும்படி இருந்தது. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போக நினைக்கிறவர்களுக்கு, அதிலும் என்னைப் போல லாரி பக்கத்தில் வந்தாலே ஹேண்டில்பார் ஆட ஆரம்பிக்கிறவர்களுக்கு, கொஞ்சம் உதவும் என்று எழுதுகிறேன்.

ஏரி மாவட்டம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவில் இருக்கிறது. 1951-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2017-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மலையை அங்கே ஃபெல் என்பார்கள், மலைமேல் உள்ள சின்ன ஏரியை டார்ன், ஓடையை பெக். எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்து குடியேறிய வைக்கிங் ஆட்கள் விட்டுப்போன சொற்கள். மலைகள் உயரத்தில் பெரிதில்லை. ஆயிரம் மீட்டரைத் தொடுவது ஒன்றுகூடக் கிடையாது. ஊட்டியைப் பார்த்தவர்கள் இதென்ன மலை என்று கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் இந்த மலைகள் ஏரி மட்டத்திலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன, சாலை போட்டவர்களும் சுற்றி வளைக்காமல் நேராகவே போட்டிருக்கிறார்கள். ஹார்ட்நாட் என்ற கணவாயில் மூன்று அடி போனால் ஒரு அடி ஏற வேண்டிய இடமெல்லாம் உண்டு. அந்தப் பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை.

கார் இல்லாத பாதையில் மட்டும் போவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அங்கே சாலைகள் குறுகல், இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல் சுவர், கோடையில் ஊர் கொள்ளாத அளவுக்குக் காரும் டூரிஸ்ட் பஸ்ஸும். எனவே வரைபடத்தை விரித்து, வண்டி போகாத பாதைகளை மார்க்கரால் வரைந்து, "பாருங்க, எவ்வளவு இருக்கு" என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். அந்த மார்க்கர் கோடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. முதல் பயணத்தின் தப்பு மொத்தமும் அங்கேதான் தொடங்கியது.

மே மாதக் கடைசியில் விண்டர்மியர் போனோம். ரயில் நேரே விண்டர்மியர் ஸ்டேஷனில் கொண்டுவிடும். அந்தக் கிளைப் பாதை 1847-இல் திறந்தது. அதைப் போடவே கூடாது என்று 1844-இல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்கெல்லாம் எழுதிச் சண்டை போட்டார், ஊர்க் கூட்டம் வந்து மலையைக் கெடுத்துவிடும் என்பது அவர் கவலை. அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவர். அவர் எதிர்த்த ரயிலில் ஏறிப் போய்த்தான் அவர் பாடிய ஏரியை நான் பார்த்தேன் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. சரி, அது இருக்கட்டும்.

விண்டர்மியர் இங்கிலாந்திலேயே பெரிய ஏரி, நீளம் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். கிழக்குக் கரை முழுக்கக் கடையும் ஹோட்டலும் வாகனமும். மேற்குக் கரையில் காட்டுக்குள் ஒரு பாதை இருக்கிறது, படகுத்துறைப் பக்கத்திலிருந்து வடக்கே ரே கோட்டை வரை, சுமார் நாலு மைல். முதலில் கொஞ்ச தூரம் எப்போதாவது ஒரு கார் வரும் சின்னச் சாலை, அப்புறம் கார் அறவே கிடையாது. நாங்கள் அதைத்தான் குறி வைத்திருந்தோம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்குப் போக பவுனஸ் ஊரின் நடுவே இறங்கியாக வேண்டும். சுமார் இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைலில் எனக்கு வேர்த்த வேர்வை அடுத்த மூன்று நாளில் வேர்க்கவில்லை. பின்னால் பஸ், முன்னால் பார்க்கிங் தேடி நின்று நின்று போகும் கார்கள், சைக்கிளிலோ கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, மூன்று நாளைக்குத் துணி, புளியோதரை டப்பா. பிரேக்கைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போயிற்று.

படகு நன்றாக இருந்தது. நீருக்கடியில் கிடக்கும் இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே கரைக்குக் கரை போகிறது, கார்களையும் ஏற்றிக்கொள்கிறது, சைக்கிளோடு நாமும் ஓரமாக நிற்கலாம். பத்து நிமிடம்தான். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம்: படகிலிருந்து முதலில் கார்களைப் போக விட்டுவிட்டுக் கடைசியாக இறங்குங்கள். முந்திக்கொண்டு இறங்கினால் படகு நிறைய கார் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்.

அக்கரையில் கேட்டைத் தாண்டியதும் உலகமே மாறியது. ஓக் மரங்கள், அடியில் நீலமணிப் பூக்கள் வாடத் தொடங்கிய நேரம், வலது பக்கம் மரங்களுக்கு நடுவே ஏரி. நான் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது மைலில் பாதையில் கல் வந்தது. ஜல்லி இல்லை, முழங்கை அளவுக் கல். அப்புறம் வேர். அப்புறம் சின்ன ஏற்றம், ஏற்றத்தில் கல்லும் வேரும் சேர்ந்து. எங்கள் டயர் 28 மில்லிமீட்டர், நகரச் சாலைக்கு வாங்கியது. பின்னால் பாரம் வேறு. "டப்" என்று ஒரு சத்தம்.

டியூப்பைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை. முள்ளோ கண்ணாடியோ குத்தினால் ஓட்டை ஒன்றுதான். கல்லில் மோதி, டயர் நசுங்கி, சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் மாட்டிக்கொண்டால்தான் இப்படி இரண்டாக விழும். மாற்று டியூப் ஒன்று இருந்தது, போட்டோம். அரை மைல் போனதும் வீட்டுக்காரர் சைக்கிளில் அதே "டப்". ஒட்டுப்போடும் பெட்டியை எடுத்தேன். சொல்யூஷன் டியூபை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. எப்போதோ திறந்தது, காய்ந்து கட்டியாகிவிட்டது. ஊரில் பஞ்சர் கடை அண்ணன் தினமும் பத்துப் பேருக்கு ஒட்டுவார், அவர் சொல்யூஷன் காய நேரம் ஏது? நம் பெட்டி மூன்று வருடம் அலமாரியில் தூங்கியது.

"பேசாம நடந்தே வந்திருக்கலாம்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வழியாகக் குழந்தைகளோடு சைக்கிளில் வந்த ஒரு குடும்பம் புது ஒட்டுப் பெட்டியைக் கொடுத்தது. ஓட்டை எங்கே என்று தேட, டியூப்பில் காற்றடித்து விண்டர்மியர் ஏரித் தண்ணீரிலேயே முக்கிக் குமிழி பார்த்தோம். வேர்ட்ஸ்வொர்த் இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

மிச்ச தூரத்தைப் பாதி தள்ளி, பாதி ஓட்டி ரே கோட்டை சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. அது உண்மையான கோட்டை இல்லை, ஓய்வு பெற்ற ஒரு மருத்துவர் 1840-இல் கோட்டை வேஷம் போட்டுக் கட்டிய வீடு. முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் பதினாறு வயதில், 1882-இல், குடும்பத்தோடு இங்கே விடுமுறைக்கு வந்துதான் இந்தப் பக்கத்தை முதலில் பார்த்தார். பிறகு இங்கேயே பண்ணை வாங்கி, ஹெர்ட்விக் ஆடு வளர்த்து, 1943-இல் இறக்கும்போது 4,000 ஏக்கர் நிலத்தை, இயற்கையையும் பழைய இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த ஆடுகளை வழி நெடுக பார்க்கலாம். குட்டியாகப் பிறக்கும்போது கறுப்பு, வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகி முகமும் காலும் வெள்ளையாகிவிடும். மணி அடித்தாலும் நகராது. நாம்தான் இறங்கிப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மாற்றிய முதல் பொருள் டயர். இப்போது 42 மில்லிமீட்டர் போட்டிருக்கிறோம். டயர் அகலமானால் உள்ளே காற்று அதிகம் பிடிக்கும், எனவே அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினாலும் சக்கர விளிம்பு கல்லில் இடிக்காது. கல்லின் அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும். பின் சக்கரத்தில் பாரம் என்பதால் பின்னால் கொஞ்சம் கூடுதலாக அடிப்பேன். முன்பு இரண்டு டயரையும் கல் மாதிரி அடித்து வைத்துக்கொண்டு "டைட்டா இருந்தா பஞ்சர் ஆகாது" என்று நம்பியிருந்தேன். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், ஒவ்வொரு பயணத்துக்கும் பிரிக்காத சொல்யூஷன் ஒன்று. கூடாரத்தையும் அடுப்பையும் விட்டுவிட்டோம். விடுதிக்குக் காசு கொடுப்பது முதலில் மனசு கேட்கவில்லை, ஆனால் பத்து கிலோ குறைந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டுவிட்டது.

கியரும் மாற்றினோம். முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பல் அதிகமாக இருக்க வேண்டும், அப்படி ஒரு கியராவது இல்லாமல் அங்கே மூட்டையோடு போகாதீர்கள். கடையில் "இது போதும்" என்று சொன்னார்கள். சொன்ன பையனுக்கு வயது இருபத்திரண்டு, தொடை இரண்டும் தேக்கு மரம். நம் முழங்காலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது தடவை செப்டம்பரில் பென்ரித்தில் இறங்கி கெஸ்விக் போனோம். இதற்குக் காரணம் கெஸ்விக் பக்கத்தில் சைக்கிள் பாதையாக மாற்றிய ஒரு பழைய ரயில் தடம். மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை இங்கிலாந்தைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் வழி ஒன்று உண்டு, சீ டு சீ என்பார்கள், 1994-இல் திறந்தது, சுமார் 140 மைல். மேற்கில் பின் சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்துக் கிளம்பி, கிழக்கே முன் சக்கரத்தை வட கடலில் நனைத்து முடிப்பது வழக்கம். எல்லாரும் மேற்கிலிருந்து கிழக்கேதான் போகிறார்கள். ஏன் என்று யோசிக்காமல் நாங்கள் அதில் ஒரு துண்டைக் கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டினோம். அவர்கள் அப்படிப் போகக் காரணம் காற்று. அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். கிரேஸ்டோக் கிராமம் தாண்டி வெளிக்கு வந்ததும், சமதரையில்கூட மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றது. எதிரே வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். முதுகில் காற்று வாங்கியவர்களுக்கு ஏன் சிரிப்பு வராது?

வழி சின்னக் கிராமச் சாலைதான், அம்புக்குறிப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் 71 என்று எண் போட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். நடுவில் ஏ66 என்ற பெரிய நெடுஞ்சாலையை ஒட்டியும் போக வேண்டியிருந்தது. தனிப் பாதையில்தான் போகிறோம், கார் நம்மேல் வராது, ஆனாலும் லாரி இரைச்சலில் பக்கத்தில் வருகிறவர் பேசுவது கேட்கவில்லை. கார் வராத பாதை வேறு, கார் சத்தம் வராத பாதை வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

த்ரெல்கெல்ட் கிராமத்திலிருந்து கெஸ்விக் வரை மூன்று மைல்தான், ஆனால் மூன்று பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்த மூன்று மைல் அதுதான். பழைய ரயில் தடம். 1865-இல் பயணிகளுக்குத் திறந்து 1972-இல் மூடிய பாதை. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. த்ரெல்கெல்ட் பக்கத்திலிருந்து வந்தால் கெஸ்விக் வரை லேசான இறக்கம், மிதிக்காமலே உருளலாம். தார் போட்டு வழவழப்பாக்கிவிட்டார்கள். காட்டுப் பாதைக்குத் தார் எதற்கு என்று அதற்கு அங்கே பெரிய எதிர்ப்பு இருந்தது. என் ஓட்டு தாருக்குத்தான். அங்கே சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி தனியாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன், ஜல்லிப் பாதையில் அவர் போயிருக்க முடியாது.

கீழே கிரேட்டா ஆறு வளைந்து வளைந்து வரும், தடம் நேராகப் போகும், ஆகவே பாலத்துக்கு மேல் பாலம். இந்த ரயில் பாதையின் பொறியாளர் தாமஸ் பவுச். ஸ்காட்லாந்தில் 1879-இல் ரயிலோடு இடிந்து விழுந்த டே பாலத்தைக் கட்டியவரும் இவரேதான். அதை நான் முதல் பாலத்தின் நடுவில் நின்று சொல்ல, வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை வேகமாக அக்கரைக்குத் தள்ளினார். இந்தப் பாதையிலும் பாலம் விழுந்தது உண்டு, ஆனால் அது வெள்ளத்தால். 2015 டிசம்பர் 5-ஆம் தேதி டெஸ்மண்ட் புயலில், பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பெய்தது, இந்த நாட்டின் சாதனை. இங்கே இரண்டு பாலம் அடித்துக்கொண்டு போனது. அதே வாரத்தில்தான் சென்னையும் மூழ்கியது. நாங்கள் மான்செஸ்டரில் உட்கார்ந்து தாம்பரத்திலிருந்த சித்திக்குப் போன் கிடைக்கவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தோம், நூறு மைல் தள்ளி இங்கேயும் ஊர் தண்ணீரில் கிடந்தது காதில் விழவே இல்லை.

பாதையைத் திரும்பத் திறக்க ஐந்து வருடம் ஆயிற்று, 2020 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதில் நல்லது ஒன்றும் நடந்தது. 1970-களில் நெடுஞ்சாலை போடும்போது மண் தள்ளி மூடிவிட்ட ஒரு ரயில் குகையைத் தோண்டி எடுத்துப் பாதையோடு சேர்த்துவிட்டார்கள். வெயிலிலிருந்து குகைக்குள் நுழைந்ததும் சில்லென்று இருக்கிறது. பெல் அடித்துப் பார்க்காமல் யாராலும் போக முடியாது, நாங்களும் அடித்தோம். ஆனால் நடப்பவர்கள், நாய்கள், ட்ரைசைக்கிள் குழந்தைகள் எல்லாரும் வரும் பாதை என்பதால் வேகம் வேண்டாம். பெல்லை அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் அடிக்காமல் இருபது முப்பது அடிக்கு முன்னாலேயே ஒரு தடவை அடித்து, கூடவே ஒரு "ஹலோ" சொன்னால் ஒதுங்கிச் சிரிக்கிறார்கள்.

கெஸ்விக்கில் இரண்டு ராத்திரி தங்கினோம். அடுத்த நாள் மூட்டையை அறையில் போட்டுவிட்டு அதே பாதையில் போய் வந்து, காஸில்ரிக் கல்வட்டம் பார்க்க ஒரு ஏற்றம் ஏறினேன், பாதியைத் தள்ளித்தான் ஏறினேன். ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய கற்கள், சுற்றி நாலு பக்கமும் மலை. மத்தியானம் மழை. இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் ஊர்களிலேயே அதிக மழை பெய்யும் சீத்வெயிட் இதற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டர். வானிலை பார்த்து நாள் குறிக்கிற ஊர் இல்லை. நனைவது என்று முடிவு செய்துகொண்டு, மாற்று உடுப்பை மட்டும் நனையாமல் பாதுகாக்க வேண்டும். மழைப்பை என்று விற்கும் பையை நம்பாதீர்கள், உள்ளே ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணியை வையுங்கள். கையுறை இரண்டு ஜோடி. ஈரக் கையோடு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதைப் போலத் துன்பம் வேறில்லை. ஈரத்தில் மணலும் சேர்ந்தால் பிரேக் கட்டை வெண்ணெய் மாதிரி தேய்ந்துவிடும், அதிலும் ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது பயணத்துக்கு நான் வரைபடத்தைத் தலைகீழாகப் படித்தேன் என்று சொல்லலாம். அழகான பாதை எங்கே என்று முதலில் தேடவில்லை. ரயிலிலிருந்து இறங்கி அங்கே போய்ச் சேர எத்தனை மைல் காரோடு போக வேண்டும் என்று அதைத்தான் முதலில் எண்ணினேன். அப்படி எண்ணியதில் மேலே வந்தது என்னர்டேல். மேற்குக் கோடியில் இருக்கும் ஏரி, கூட்டம் அதிகம் வராது. கடற்கரை ஊரான வைட்ஹேவனில் ரயிலை விட்டு இறங்கினால் ஊருக்குள் கொஞ்சம்தான், அப்புறம் ரவ்ரா வரை பழைய ரயில் தடத்திலேயே போகலாம். இரும்புத் தாதும் சுண்ணாம்புக் கல்லும் ஏற்றிப்போன தடம், சுரங்கம் மூடிய ஊர்களின் புழக்கடை வழியாக மெல்ல ஏறிக்கொண்டே போகும். போஸ்ட்கார்டு அழகு இல்லை, துணி காயும் கொடியும் கோழிக்கூண்டும்தான் தெரியும், எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கப்புறம் என்னர்டேல் பிரிட்ஜ் கிராமம் வரை மூன்று நாலு மைல் சின்னச் சாலை. மொத்தத்தில் காரோடு போனது அவ்வளவுதான். காற்றும் இந்தத் தடவை முதுகில்.

ரயிலில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடற்கரை ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முன்பதிவு கிடையாது, யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு. நீண்ட தூர ரயில்களில் பெரும்பாலும் நேர் எதிர், முன்பதிவு இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள். எனவே சனிக்கிழமை காலை கிளம்பாதீர்கள், மூன்று பேராகப் போகாதீர்கள், கடைசி ரயிலை நம்பித் திரும்பாதீர்கள்.

கிராமத்தில் மூட்டையை இறக்கிவிட்டு மறுநாள் வெறும் சைக்கிளோடு பள்ளத்தாக்குக்குள் போனோம். பவுனஸ் நாட் என்ற இடத்தில் கார் நிறுத்துமிடம், பொதுமக்கள் கார் அதற்கு மேல் போகக்கூடாது. அங்கிருந்து ஏரிக்கரையை ஒட்டி, பிறகு லைசா ஆற்றை ஒட்டி, பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் பிளாக் செயில் என்ற ஒற்றை விடுதி வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் காட்டுப் பாதை. முன்பு இடையர் தங்கிய குடிசை அது. வழியெல்லாம் ஜல்லி, ஆனால் 42 டயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வனத்துறை வண்டி ஒன்று வந்தது, அதுவும் நின்று வழி விட்டது.

இந்தப் பள்ளத்தாக்கை 1920-களில் ஊசியிலை மரங்கள் நட்டு வரிசை வரிசையாக நிரப்பியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசியிலை மரத்தைக் குறைத்து, நாட்டு மரம் தானாக வளர விட்டு, மாடுகளைக் காட்டில் மேய விட்டு, ஆறு எப்படி ஓட நினைக்கிறதோ அப்படியே ஓட விடுகிறார்கள். லைசா ஆறு கரையே இல்லாமல் வெள்ளைக் கூழாங்கல்லாகப் பரந்து கிடப்பதைப் பார்த்தால் கோடைக் கொள்ளிடம் ஞாபகம் வருகிறது. கறுப்பு மாடுகள் பாதையிலேயே நின்றன, கன்றோடு. நான் மாட்டுக்குப் பயப்படுகிறவள் இல்லை, வீட்டில் நாலு இருந்தன, ஆனால் கன்றோடு நிற்கும் மாட்டிடம் ஊர் பேதம் கிடையாது. இறங்கி, சைக்கிளை மாட்டுக்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அகலமாகச் சுற்றிப் போனோம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் புகுந்துவிடாதீர்கள்.

கேட் விஷயம் ஒன்று. முதல் கேட் திறந்து கிடந்தது, நான் நல்ல பிள்ளையாகச் சாத்திவிட்டு வந்தேன். பின்னாலேயே குவாட் பைக்கில் வந்த விவசாயி, கோபப்படாமல்தான், "எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிடுங்கள்" என்றார். ஆடுகள் தண்ணீருக்குப் போக வேண்டுமென்று அவர்தான் திறந்து வைத்திருந்தாராம். மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ, திறந்திருந்தால் திறந்தபடியே விடு.

அங்கே போன் சிக்னலை மறந்துவிடுங்கள். காகித வரைபடம் கட்டாயம். 1:25,000 அளவில் வரும் ஆரஞ்சு அட்டை எக்ஸ்புளோரர் வரைபடம் நல்லது. அதில் பச்சைக் கோடுகளை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னக் கோடாக இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும், நீளக் கோடாக இருந்தால் குதிரைப் பாதை. குதிரைப் பாதையில் சைக்கிள் போகலாம் என்று 1968-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் நாம்தான் வழி விட வேண்டும். இதை வீட்டுக்காரருக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். விண்டர்மியரில் "நடந்தே வந்திருக்கலாம்" என்ற மனிதர், இப்போது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கோட்டின் நீளத்தை அளக்கிற ஆளாகிவிட்டார்.

பிளாக் செயிலில் விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கிராமத்தை விட்டால் கடை எதுவும் கிடையாது என்பதால் சாப்பாடு கையில் இருக்க வேண்டும். கூடவே அந்த ஊர்க் கெண்டல் மின்ட் கேக், கேக் என்பது பெயரில் மட்டும், உண்மையில் புதினா போட்ட சர்க்கரைக் கட்டி, 1953-இல் எவரெஸ்ட் உச்சியில் தின்ற பண்டம். பல் கூசும், ஆனால் ஏற்றத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. சுற்றி மூன்று பக்கமும் மலை, காற்றும் ஆடும் தவிரச் சத்தமே இல்லை. மான்செஸ்டரில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூடக் கேட்கும் அந்த வண்டி இரைச்சல் காதில் இல்லாதபோதுதான், அது எப்போதும் காதில் இருந்தது என்பதே தெரிந்தது.

வந்த வழியே திரும்ப வேண்டும். இறக்கம், மிதிக்கவே வேண்டாம். நான் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன், அவர் வரைபடத்தைத் தொடையில் விரித்து வைத்திருந்தார்.

"வந்த வழியே எதுக்குப் போகணும்? இங்கேயிருந்து இப்படி ஏறி இறங்கினா பட்டர்மியர் ஏரி வந்துடும். ஸ்கார்த் கேப்னு போட்டிருக்கு. நீளக் கோடுதான், பாரு."

வாங்கிப் பார்த்தேன். நீளக் கோடுதான். சட்டப்படி சைக்கிள் போகலாம். ஆனால் அதைக் குறுக்கே வெட்டிப் போன பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் எங்கள் ஊர்க் கோரைப்பாய் மாதிரி இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் கிடந்தன. அவர் விரல் இருந்த இடத்தைக் கண்ணால் மலையில் தேடினேன். மேலே, வெகு மேலே, இரண்டு பேர் கையை ஊன்றி ஊன்றி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அங்கே பாருங்க" என்றேன்.

பார்த்தார். வரைபடத்தை மடித்தார். "மின்ட் கேக் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.